‘இக்கதையின் படிப்பினை யாது?’ – இந்தக் கேள்விக்கு ஓய்வு கொடுங்கள்!



நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் அன்றாடம் ஒலிக்கும் கேள்வி ஒன்றைப் பற்றி இன்று சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியுள்ளது. மாணவன் ஒரு கதையை வாசித்து முடித்த மறுகணமே, “இக்கதையின் படிப்பினை யாது?” என வினவுகிறோம். அவனும் தயக்கமின்றி விடையளிக்கிறான். பெற்றோர் சொல் கேட்க வேண்டும், ஒற்றுமையே பலம், பேராசை கூடாது. இம்மூன்றனுள் ஏதேனும் ஒன்று எந்தக் கதைக்கும் பொருந்திவிடும். கதையை வாசிக்காதவனும் இவ்விடையை எழுதலாம். பலர் அவ்வாறே எழுதுகின்றனர் என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறியாமல் இல்லை.

நிலாம் வாசிப்புத் திட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. அதனை நான் குறைகூற வரவில்லை. ஆயினும், நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பக்க எண்ணிக்கை, கதைச்சுருக்கம், படிப்பினை என நிரப்பிக்கொண்டே போகும் பழக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப் போயிற்று. “உனக்கு இந்நூல் பிடித்ததா? ஏன்?” என்பதே அக்கேள்வி. பதிவேடு இன்று இணையத்துக்கு மாறிவிட்டது. நம் மனப்பாங்கு மாறவில்லை.

‘இது சிறிய குறைதானே’ என எண்ணுவோர் உளர். சிறிய குறை அன்று. சொந்தக் கருத்தைச் சொல்லப் பழகாத பிள்ளை, வளர்ந்தபின் இரவல் கருத்தோடு வாழ்கிறது. அதன் விளைவை நம் கண்முன்னே கண்டோம்.

ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவல் 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. கெடா மாநிலத் தோட்டப்புற வாழ்வையும், 1981இல் லூனாஸ் வட்டாரத்தில் நச்சுச் சாராயம் விளைவித்த உயிர்ப்பலியையும் பின்புலமாகக் கொண்டது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதனைத் தடைசெய்தது. ஆபாசமும் ஒழுக்கக்கேடும் காரணங்களாகக் கூறப்பட்டன. அந்த ஆணையை மீறச் சொல்வது என் நோக்கமன்று. அது சிறுவர்க்குரிய நூலும் அன்று. என் கேள்வி வேறு. அந்த ஆண்டு முழுதும் அந்நாவலைக் கண்டித்தவருள் எத்தனை பேர் அதனை முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை வாசித்திருந்தனர்? வெட்டி எடுக்கப்பட்ட சில வரிகள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. அவ்வரிகளை யார் பேசுகிறார், எச்சூழலில் பேசுகிறார் என்று பலர் வினவவில்லை. முழுமையாக வாசித்து, “இந்நாவல் எனக்கு உடன்பாடில்லை, இன்ன இன்ன இடங்களில் ஆசிரியர் எல்லை மீறுகிறார்” என்று சொன்னவர் இருப்பின், அவரை நான் வணங்குகிறேன். அவர் வாசகர். வாசிக்காமல் போற்றியவரும் வாசிக்காமல் தூற்றியவரும் வாசகர் அல்லர்.

தமிழகத்திலும் இதுவே நிகழ்ந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதன் சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டு ஊர் முழுதும் பரவின. பெரும் போராட்டம் மூண்டது. 2015இல் எழுத்தாளர் எழுத்தையே துறப்பதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், பிடிக்காத நூலை மூடிவைத்துவிடலாம் என்னும் கருத்துப்படத் தீர்ப்பளித்தது. ஒரு நூலைப் பிடிக்காவிட்டால் மூடிவைக்கலாம் என்பதை மூன்றாம் ஆண்டு வகுப்பிலேயே கற்பித்திருக்க வேண்டும். அதை நீதிமன்றம் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வரலாமா?

யார் எதைச் சொன்னாலும் அதன் உண்மையை ஆராய்ந்து காண வேண்டும் எனப் போதிக்கும் குறளை மாணவருக்கு மனனம் செய்விக்கிறோம். பொருளும் எழுதச் சொல்கிறோம். ஆனால், கதை நூலைக் கையில் கொடுத்தவுடன் ஆராய்ச்சிக்கு இடமின்றிச் செய்துவிடுகிறோம். இது முரண் அன்றோ?

அடுத்து, நாவல்களைச் சாதி பிரிக்கும் வழக்கத்துக்கு வருவோம். வரலாற்று நாவல் உயர்ந்தது, துப்பறியும் நாவல் பொழுதுபோக்கு, குடும்ப நாவல் குப்பை, அறிவியல் புனைகதை வெறும் கற்பனை என்று பெரியவர்களாகிய நாம் முன்கூட்டியே தீர்ப்பெழுதி வைத்துள்ளோம். ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வோர் அளவுகோல் உண்டு என்பதை மறந்துவிட்டோம்.

‘பொன்னியின் செல்வ’னை எடுத்துக்கொள்வோம். கல்கி 1950களில் தொடராக எழுதிய அந்நாவலைப் புகழாத தமிழ் இல்லம் இல்லை. ஆனால், அதனை அப்படியே சோழ வரலாறு என நம்புவோர் எத்தனை பேர்! ஆதித்த கரிகாலன் கொலைக்கு உடையார்குடிக் கல்வெட்டுச் சான்று உண்டு. நந்தினியோ கல்கியின் படைப்பு. எது சான்று, எது கற்பனை என்று பிரித்துப் பார்த்து, “கற்பனைப் பாத்திரமே எனக்கு மிகவும் பிடித்தது” என ஒரு மாணவி சொன்னால் அதுவே கருத்து. “கதை மிகவும் மெதுவாகச் செல்கிறது” என்று சொன்னாலும் கருத்துத்தான். அவளைத் தமிழ்ப்பற்று இல்லாதவள் எனக் கடிந்துகொள்வது அறியாமை.

துப்பறியும் நாவலில் வினவ வேண்டியது, ஆசிரியர் தடயங்களை வாசகனுக்கு நேர்மையாகக் காட்டினாரா என்பது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாய் நூல்களை வாசிக்கிறது; சொந்தமாகச் சிந்திக்கவும் தலைப்படுகிறது. இயந்திரத்துக்குக் கருத்து உண்டாகலாமா என அதை வைத்து வகுப்பில் விவாதிக்கலாம். இனி, ரமணிசந்திரனின் நாவல்களை வாசிக்கும் தாய்மார்களை ஏளனம் செய்வோருக்கு ஒரு சொல். அத்தாய்மார்கள் நூல்களை இறுதிவரை வாசிக்கிறார்கள். ‘இவன் செய்ததை இவள் எதற்காக மன்னிக்க வேண்டும்?’ என்று அவர்கள் தமக்குள் வாதிடுகிறார்கள். இலக்கிய விமர்சனம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏளனம் செய்வோருள் பலர் ஆண்டுக்கு ஒரு நாவலும் வாசிப்பதில்லை!

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே உள்ளது தென்னமரம் தோட்டம். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்கேதான் உருவாயிற்று. அதனை உருவாக்கிய பிரெஞ்சுத் துரை ஹென்றி ஃபோக்கோனியே ஒரு நாவலாசிரியரும் ஆவார். மலாயாத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930இல் பிரான்சின் புகழ்மிக்க கோன்கூர் பரிசைப் பெற்றது. அதில் தமிழ்த் தொழிலாளரும் வருகின்றனர். ஆனால், பார்வை துரையின் பார்வை. பாரிஸ் நகரத்து வாசகர்கள் அதைப் பற்றிக் கருத்துரைத்தனர். மரம் சீவிய நம் பாட்டன்மாரிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் அன்று இல்லை.

அதே 1917இல்தான், மலாயாவின் முதல் தமிழ் நாவல் எனப் பொதுவாகக் குறிக்கப்படும் க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன்’ வெளிவந்தது. நூறாண்டு கடந்துவிட்டது. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’, சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ எனத் தோட்ட மக்களைப் பற்றிய நாவல்கள் பல வந்துவிட்டன. இவற்றைப் பற்றிக் கருத்துக் கூற மிகுந்த உரிமை யாருக்கு உண்டு? பெரட்டுக் களத்தில் நின்றவருக்கும், மங்கு கழுவியவருக்கும், ஒட்டுப்பால் சுமந்தவருக்கும், தண்டலின் வசவைக் கேட்டவருக்கும் உண்டு. புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் ஜெராமிலும் அத்தகைய முதியோர் இன்னும் நம் மாணவர்களின் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் எழுத்தறியாதவரும் உளர். நாவலின் ஒரு பகுதியைப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டட்டும், “லயத்து வீடு இப்படியா இருந்தது, பாட்டி?” என்று கேட்கட்டும். பாட்டி சொல்லும் மறுமொழி எந்தப் பேராசிரியரின் மதிப்புரைக்கும் குறைந்ததன்று. இந்தத் தலைமுறை மறைந்துவிட்டால் அந்த மறுமொழியும் மறைந்துவிடும். அவசரம் அங்கேதான் உள்ளது.

சிலர் எழுப்பும் மறுப்புகளுக்கும் விடை கூற வேண்டும்.

‘சிறு பிள்ளைக்குக் கருத்துரைக்கும் முதிர்ச்சி ஏது?’ என்பர். பிடித்த பலகாரத்தையும் பிடிக்காத பலகாரத்தையும் காரணத்தோடு சொல்லும் பிள்ளைக்குக் கதையைப் பற்றிச் சொல்லத் தெரியாதா? ‘தேர்வுக்கு உதவாதே’ என்பர். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. இனியும் அந்தச் சாக்கு எதற்கு? ‘அப்படியானால் யார் சொல்வதும் சரியா?’ என்பர். இல்லவே இல்லை! “பிடிக்கவில்லை” என்பது கருத்தின் முதற்பாதி மட்டுமே. எந்தப் பக்கத்தில், எந்தச் சொல்லால், எந்த நிகழ்வால் பிடிக்கவில்லை என நூலைத் திறந்து காட்டுவது மறுபாதி. காட்ட இயலாத கருத்து வெறும் வதந்தி.

எனவே, படிப்பினைக் கேள்விக்கு மாற்றாக இந்நான்கு கேள்விகளை முன்வைக்கிறேன்:

1. எந்தப் பக்கத்தில் நீ வாசிப்பதை நிறுத்தி யோசித்தாய்?
2. யார் செய்தது உனக்குச் சரியாகப் படவில்லை? ஏன்?
3. ஆசிரியர் எதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்?
4. உன் நண்பன் உன் கருத்தை மறுத்தால், நூலின் எந்த இடத்தை அவனுக்குக் காட்டுவாய்?

ஆசிரியர்களே, இவற்றுக்கு விடைத்தாள் கிடையாது. திருத்துவது கடினம், நேரமும் பிடிக்கும். ஆசிரியர் கல்விக் கழகத்தில் பாடக்குறிப்பு எழுதப் பயிற்றுவித்தபோது, எதிர்பார்க்கும் விடையையும் அருகிலேயே எழுதப் பழகினோம். எதிர்பாராத விடையைச் செவிமடுப்பதும் ஆசிரியத் தொழிலின் ஒரு பகுதியே.

பெற்றோர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். பிள்ளை வாசிக்கும் நூல் எந்த வகையாயினும், அதில் பத்துப் பக்கமேனும் வாசித்தபின் குறை கூறுங்கள். அடுத்து, ஒரு நாவலைப் பற்றிய கண்டனம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், “நீங்கள் வாசித்தீர்களா?” என்று அனுப்பியவரைக் கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசுங்கள். அதனை உங்கள் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

வரும் தவணையிலேயே தொடங்குவோம். வாரத்தில் ஒரு பாடவேளை போதும். மாணவர்கள் நம்மோடு முரண்படட்டும். நூலைத் திறந்து காட்டி முரண்படட்டும்.