கொடைக்கானலில் ஒரு ரவுண்ட்!

செமஸ்டர் லீவுக்கு கொடைக்கானல் பிளானா? போட்டிங், சாக்லேட், போட்டோன்னு முடிச்சுடாதீங்க. பையில் ஷூவையும் போடுங்க. மலையோரமா ஜாலியா ஓட அங்கே ஈஸியான ரூட் ஒண்ணு இருக்கு.

ஏரிதான் ஸ்டார்ட்டிங் பாயின்ட். 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கியது. சுத்தி வந்தா சுமார் 5 கி.மீ., பெரிய ஏத்தமில்லை. அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கமா ஏறினா, கோக்கர்ஸ் வாக். லெப்டினென்ட் கோக்கர் 1872-ல் மலை விளிம்பில் போட்ட பாதை. 1 கி.மீ. நீளம், டிக்கெட் உண்டு. முடிச்சுட்டு மறுபடி ஏரிக்கு இறங்கிடலாம்.

ஆனா பாஸ், அது சுமார் 2,100 மீட்டர் உயரம். ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜன், கீழே கிடைக்கிறதைவிட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. காலேஜ் கிரவுண்ட் ஹீரோவும் முதல் ஏத்தத்திலேயே மூச்சு வாங்குவார். அதனால முதல் நாள் நடங்க, மறுநாள் ஓடுங்க. பக்கத்துல ஓடுற ஃப்ரெண்டோட முழுசா ஒரு வாக்கியம் பேச முடியுதா? ஸ்பீடு ஓகே. முடியலையா? குறைங்க. தலை சுத்தினா நிறுத்திடுங்க, கெத்து காட்ட வேண்டாம். இறக்கத்தில் குட்டிக் குட்டி ஸ்டெப் வைங்க, இல்லேன்னா முட்டி பழிவாங்கும். குளிர்ல தாகம் தெரியாது, தண்ணியை மறக்காதீங்க.

கோக்கர்ஸ் வாக்கில் மட்டும் தாத்தா பாட்டிகளை இடிச்சுக்கிட்டு ஓடாதீங்க. கொஞ்சம் நில்லுங்க. முதுகுக்குப் பின்னால் சூரியனும் எதிரே மேகமும் சேர்ந்தா, உங்க நிழலே வானவில் வளையத்தோட மேகத்தில் தெரியலாம். ரொம்ப அபூர்வம். ஓடுறவங்க கண்ணுக்குச் சிக்காது, நிக்கிறவங்களுக்குத்தான்!