அருகிலுள்ள தூரம்



சேலத்திலிருந்து சென்னைக்குச் சாலைவழியே ஏறக்குறைய 340 கிலோமீட்டர். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின்கீழ் தொடங்கி, இடையில் நின்று, 2023-இல் மீண்டும் வந்த விமானச் சேவை அத்தூரத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கடக்கிறது. ஆனால், நாமக்கல்லில் வாழ்பவர் ஓமலூரை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்தை அடையவே அதைவிட அதிக நேரம் ஆகிறது.

உறவுகளிலும் அப்படியே. சென்னையிலுள்ள பிள்ளையோடு தினமும் பேசுகிறோம்; வரப்புத் தகராறில் பிரிந்த சகோதரனோடு, அடுத்த தெருவில் இருந்தும், ஆண்டுக்கணக்காய்ப் பேசுவதில்லை. ஆலயத்தில் ஒரே வரிசையில் அமர்ந்தும் முகம் பார்ப்பதில்லை. இத்தூரத்தைக் குறைக்க எந்த அரசும் திட்டம் தீட்டாது, நாம்தான் நடக்கவேண்டும். இந்த வாரமே அவர் வாசலுக்குச் செல்லுங்கள். கர்த்தர் உங்களோடு வருவாராக.