ஓரெழுத்து வேற்றுமை

மோட்டார்க் காரைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் எழுதுவதா என முகஞ் சுளிக்கும் அன்பர்கள் இருத்தல் கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நான் எழுத வந்தது வாசிப்பைப் பற்றியே. எழுத்தறிவிப்பவன் என்ற பெயரில் நாற்பதாண்டு சம்பளம் வாங்கிய ஒருவன், காருக்கு நான்கு பிளக் வாங்கப் புறப்பட்டு எழுத்தறியாதவனாகி நின்ற கதை இது.

என்னிடம் இருப்பது ஒரு மொறிஸ் மைனர் 1000. தந்தையார் 1960 ஆம் ஆண்டிலே வாங்கியது. 1990 இன் பின்னர், பெற்றோலும் மின்கலமும் குடாநாட்டுக்குள் வருதல் தடைப்பட்டிருந்த காலத்தில், அது மண்ணெண்ணெயில் ஓடிற்று. சிறு போத்தலில் பொன்போலக் காத்து வைத்த பெற்றோலைச் சில துளிகள் காபரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்புவோம். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வீதியெங்கும் வெண்புகையும் அந்த வாடையும் நிறைந்திருக்கும். மண்ணெண்ணெய் முற்றாக எரியாது; பிளக்கின் முனையிலே கரி படியும். இரண்டு நாளுக்கொருமுறை கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது எங்கள் வீட்டில் பல் தீட்டுவதைப் போன்ற நித்திய கருமமாயிருந்தது. 1995 இன் இடப்பெயர்விலே தென்மராட்சி வரைக்கும் எங்களைக் கொண்டு சேர்த்ததும் அவ்வாறு தேய்த்த பிளக்குகளே. புதியது கிடையாத காலத்தில் பழையதை வாசித்தறியும் வித்தை அக்காலத்துச் சாரதிகள் எல்லார்க்கும் கைவந்திருந்தது. முனை தவிட்டு நிறமாயின் நலம். உலர்ந்த கரியாயின் எரிபொருள் மிகுதி. எண்ணெய்ப் பசையாயின் பிஸ்ரன் வளையம் தேய்ந்துள்ளது. வெளிறிக் கொப்புளித்திருப்பின் எஞ்சின் அளவுமீறிச் சூடாகின்றது. வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போல என்க.

நிற்க. சென்ற ஆண்டு கார் இடையிடையே இருமத் தொடங்கிற்று. பிளக் மாற்றவேண்டும் என்றார் கராஜ்காரர். நகரத்துக் கடைகள் மூன்றில் விசாரித்தேன். முச்சக்கர வண்டிக்குரியதும் மோட்டார்ச் சைக்கிளுக்குரியதும் அடுக்கடுக்காக இருந்தன. எனக்கு வேண்டியது இல்லை. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. அறுபது வயதுக் கார் ஒன்றுக்காக யார் முதலை முடக்குவர்? பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மருமகன், "மாமா, இதுக்கேன் அலையிறியள்? நெற்றிலை எடுக்கலாம்" என்று சொல்லிக் கைத்தொலைபேசியை எடுத்தான். காரின் பெயரை எழுதினான். படமும் விலையும் தோன்றின. அதன் கீழே "உங்கள் வாகனத்துக்குப் பொருந்தும்" என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாசகமும், பச்சை நிறத்தில் ஓர் அடையாளமும் இருந்தன. நாலாம் நாள் பொதி வீட்டுக்கு வந்தது. எனக்குண்டான வியப்பை மறைக்க விரும்பவில்லை.

கராஜ்காரர் ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினார். பழைய பிளக்கைக் கழற்றி அதனருகே நிறுத்தினார்.

"மாஸ்டர், இது எங்கட காருக்கு உரியதில்லை. கழுத்துக் கட்டை. எழுத்தைப் பாருங்கோவன்."

பழையதில் பி.பி.6.ஈ.எஸ். என்றிருந்தது. புதியதில் பி.பி.6.எச்.எஸ். ஓரெழுத்துத்தான் வேற்றுமை. குறிலுக்கு நெடிலிட்ட மாணவர் எத்தனை பேருக்கு நான் சிவப்பு மை பூசியிருப்பேன்! இங்கே நெடில் வேண்டிய இடத்தில் குறிலை வாங்கிவந்து நின்றேன்.

அந்த எழுத்துக்கள் வெறும் அலங்காரமல்ல. என்.ஜி.கே. என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் வழக்கிலே முதலெழுத்து மரையின் விட்டத்தைக் குறிக்கும். பி எனில் 14 மில்லிமீற்றர். அடுத்த எழுத்து, பீங்கான் மூக்கு வெளியே நீண்டிருப்பதைச் சொல்லும். இலக்கம் வெப்பத்தைத் தாங்கும் தரத்தைக் காட்டும். அதற்கடுத்தது மரையின் நீளம்: ஈ எனில் 19 மில்லிமீற்றர், எச் எனில் 12.7. மரை ஒன்றாகவேயிருப்பதனால் கட்டையானதும் தடையின்றி உள்ளே ஏறிவிடும், அதுவே ஆபத்து. நெடுந்துளையில் கட்டைப் பிளக்கைப் பூட்டினால் பொறி எரியறைக்குள் எட்டாது குழிக்குள்ளேயே நிற்கும். வெறுமையாய் விடப்பட்ட மரைகளில் கரி இறுகும். பின்னொருநாள் சரியான பிளக்கைப் பூட்ட முனையும்போது அது ஏறாது. குறுந்துளையில் நீளமானதைப் பூட்டினாலோ பிஸ்ரன் மேலெழுந்து அதனை மோதவும் கூடும். அத்துடன் எஞ்சினின் ஆயுள் முடிந்தது.

விற்றவன் ஏன் பிழைவிட்டான் என்பதும் ஆராயத்தக்கது. மொறிஸ் மைனர் என்பது ஒரே கார் அன்று. 1948 இல் அது வெளிவந்தபோது பழைய பக்கவால்வு எஞ்சினைக் கொண்டிருந்தது. அதற்குக் கட்டைப் பிளக். 1952 முதல் மேல்வால்வு எஞ்சின் வந்தது. அதற்கு நீளப் பிளக். கடைக்காரராயின் "எந்த வருஷக் கார்?" என்று முதலிற் கேட்டிருப்பார். இணையத்தளம் கேட்கவில்லை, பெயரை மட்டும் பெற்றுக்கொண்டு பொருந்தும் என்று தீர்ப்புக் கூறிவிட்டது. நூலின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மதிப்புரை எழுதும் சிலரை நமது இலக்கிய வட்டத்திலும் அறிவோம். அவர்களை இங்கே இழுக்கவில்லை.

இலக்கத்தில் வேறொரு பொறியும் உண்டு. என்.ஜி.கே., டென்சோ ஆகியவற்றில் இலக்கம் ஏற ஏறப் பிளக் 'குளிர்ந்தது' எனப்படும். அதாவது வெப்பத்தை விரைந்து கடத்திவிடும். சம்பியன், பொஷ் ஆகியவற்றிலோ இலக்கம் ஏற ஏறச் 'சூடானது'. ஒரு நிறுவனத்தின் பெரிய எண் மற்றொன்றின் சிறிய எண்ணுக்குச் சமனாகலாம். முனை ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்குக் கீழே நின்றால் கரி தானாக எரிந்து நீங்காது. 800 ஐ நன்கு கடந்தால் பொறிக்கு முன்னரே எரிபொருள் பற்றிவிடும். இந்த இடைவெளிக்குள் நிறுத்துவதற்கே அந்த இலக்கம். இதை அறியாது "பெரிய நம்பர்தான் நல்லது" என்று வாங்குவோரை நானே கண்டிருக்கிறேன்.

இதனால் இணையவழி வணிகமே கூடாதென்று கூற வந்தேன் என எவரும் எண்ணற்க. அவ்வாறு கூறுவோர் சிலர் உளர். அவர்கள் பழைய கடைகளை ஏதோ தர்மசாலைகளாகக் கற்பனை செய்கின்றனர். போலிப் பிளக் இணையத்துக்கு முன்னரே இந்நாட்டில் இருந்தது. 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையிலே 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து உதிரிப்பாகங்களின் விலையை ஏற்றிவிட்டது. இருந்த வண்டியை இறுதிவரை ஓட்டுவதன்றி மக்களுக்கு வேறு வழியில்லாதிருந்த அவ்வாண்டுகளில், கிராமத்திலிருந்தவனுக்கும் கொழும்பின் பொருளை வாசலிற் கொண்டுவந்து தந்தது இந்த இணையமே. அதை மறுப்பது நன்றியன்று. பழைய கார்க்காரருக்குத் தூரதேசத்து உறவு புதிதுமன்று. இங்கிலாந்திலே பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் பேணிய சார்ள்ஸ் வெயர் என்பார், 1990களில் அக்கார்களுக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்வித்து அங்கு கொண்டு சென்றார். ஆங்கிலேயன் விட்டுச் சென்ற காருக்கு ஆங்கிலேயன் நம்மிடம் பாகம் வாங்கிய விந்தையை நம்முள் எத்தனை பேர் அறிவர்?

என் முறைப்பாடு வேறு. எங்கள் ஒழுங்கையிலுள்ள முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர், பேர்பெற்ற நிறுவனமொன்றின் பெயர் பொறித்த பிளக்கை இணையத்திலே பாதிவிலைக்கு வாங்கினார். பழைய ரூ ஸ்ரோக் எஞ்சின், ஒரே பிளக். இரண்டு கிழமையில் பீங்கான் வெடித்தது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வண்டி நடுவீதியில் நின்றது. பிள்ளைகளைப் பெற்றோர் வேறு வண்டிக்கு மாற்றினர். மாதவாடகை போயிற்று. எனக்கு ஒரு பிளக் பிழைத்தால் மாலைச் சவாரி ஒன்று குறையும். அவருக்கு உலை ஏறாது. அவர் விற்றவனைத் தேடியபோது அந்தப் பெயரில் அங்கே கடையே இல்லை.

கராஜ்காரர் அந்தப் பிளக்கைக் கண்டதும் போலியென்று கூறினார். மரை சொரசொரப்பாயிருந்தது, மேல்முனை நடுமுனைக்கு நேராக நிற்கவில்லை, அடியிலுள்ள வளையம் விரலாற் சுழற்ற இலகுவாகக் கழன்றது. உண்மையானதில் அவ்வளையம் எளிதிற் கழலாது. இவையாவும் கையிலே எடுத்தபின் தெரிபவை. படத்திலே தெரியாது; போலிக்கு இடும் படமும் உண்மையின் படமேயன்றோ?

ஆகவே விற்பவரிடம் நான் கேட்பது மிகச் சிறிது. மரையின் விட்டம், நீளம், வெப்பத் தரம், தடை உடையதா இல்லாததா என்னும் நான்கையும் எழுதட்டும். செய்தவர் பெயரையும் விற்பவர் பெயரையும் முகவரியையும் எழுதட்டும். அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதட்டும். பொருளை வாங்குபவன் தமிழனும் சிங்களவனுமாயிருக்க, எச்சரிக்கை மாத்திரம் ஆங்கிலத்தில் இருப்பது என்ன நியாயம்? 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், கேட்போருக்குப் பற்றுச்சீட்டு வழங்குமாறு வணிகரைப் பணிக்கின்றது. இணையத்தில் விற்பவனுக்கு முகமில்லை என்பதற்காகப் பெயருமில்லாதிருக்கலாமா?

ஆசிரிய நண்பர்களிடமும் ஒன்று கேட்பேன். உயர்தர வகுப்பிலே மின்னிறக்கத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அதிவிசேட சித்தி பெறும் மாணவன், தன் தந்தையின் மோட்டார்ச் சைக்கிளில் அதே மின்னிறக்கம் நிகழும் பிளக்கைக் கண்டதில்லை. நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் நாலு ஸ்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் செக்கனுக்கு 25 பொறி தெறிக்கின்றது என்பதைக் கணக்கு வகுப்பிலே சொன்னால் என்ன குறைந்துவிடும்? 'தீப்பொறிச் செருகி' என்று கலைச்சொல் ஆக்கித் தந்துவிட்டால் கடமை தீர்ந்ததென்று நாம் இருந்துவிட்டோம். கராஜிலே அது பிளக். அங்குள்ளவர் அதனை வாசிப்பர். பாடசாலையிலே அது செருகி. இங்குள்ளவர் அதனை எழுதுவர். இரண்டுக்கும் இடையில் நின்ற என் மருமகன் பச்சை அடையாளத்தை நம்பினான். அவனை நம்பியவன் நான்.

கராஜ்காரருக்கு அறுபத்தெட்டு வயது. அவரிடம் முன்னர் நான்கு பையன்கள் தொழில் பழகினர், இப்போது ஒருவனுமில்லை. பிளக்கைக் கையிலெடுத்து எஞ்சினின் நோயைச் சொல்லும் அந்த வாசிப்பு எந்தத் தளத்தில் விற்பனைக்கு வரும் என்பது எனக்குத் தெரியவில்லை.

சரியான நான்கு பிளக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலுள்ள கடையொன்றிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தன. தொலைபேசியில் கடைக்காரர் முதலிற் கேட்ட கேள்வி, "என்ன வருஷக் கார்?" என்பதே. கராஜ்காரர் இடைவெளியை அளந்து 0.025 அங்குலத்துக்குச் சரிசெய்து, முதலில் விரலாலும் பின்னர் சாவியாலும் பூட்டினார். இருமல் நின்றது.

இணையத்தில் விற்றவருக்கு எழுதினேன். பொதியைப் பிரித்துவிட்டமையால் மீளப்பெற இயலாதென மறுமொழி வந்தது. பிரிக்காமல் எழுத்தை எவ்வாறு வாசிப்பது என்று திரும்பவும் எழுதியிருக்கிறேன். கட்டைப் பிளக் நான்கும் என் மேசை லாச்சியிலே கிடக்கின்றன. அவை பொருந்தக்கூடிய வண்டி வைத்திருக்கும் அன்பர் எவராயினும் இருப்பின், எழுத்தைப் பார்த்துவிட்டு இலவசமாக எடுத்துச் செல்லலாம்.