விமானியாவதற்குப் பட்டம் வேண்டுமா?

சென்ற மாதம் திருவண்ணாமலையில் சங்கக் கூட்டம் ஒன்று முடிந்து நாம் புறப்படும் தறுவாயில், பட்டு நெசவாளரான மூத்த அங்கத்தினர் ஒருவர் நம்மை அணுகினார். அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவன். விமானியாக வேண்டும் என்பது அவன் விருப்பம். "முதலில் டிகிரி வாங்கினால்தான் அதில் சேர்ப்பார்கள் என்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்துக் காலேஜில் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். சரிதானா, ஐயா?" என்று கேட்டார். இவ்வையம் வேறு அங்கத்தினர் இல்லங்களிலும் எழக்கூடுமாதலால், நமது கருத்தை இங்கு வெளியிடுகிறோம்.

சட்டம் பட்டத்தைக் கேட்கவில்லை. வணிக விமானி உரிமம் பெறுவதற்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் கணிதமும் தேறியிருக்க வேண்டும், உடல்தகுதி வேண்டும், வானிலை, வழியறிதல், விமானச் சட்டம் முதலிய பாடங்களில் தேர்வு பெற வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் பர்சத்கஞ்சில் மத்திய அரசு நடத்தும் பயிற்சிக் கழகமும் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவரையே சேர்த்துக்கொள்கிறது. வேறு பாடம் பயின்றவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாகப் பௌதிகத்தையும் கணிதத்தையும் எழுதித் தேறலாம்.

1929ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றவரும், 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டியவருமான ஜே.ஆர்.டி. டாட்டா பட்டதாரியல்லர். அக்காலம் வேறு என்பாருமுளர். ஆனால் அமெரிக்காவின் டெல்டா விமானக் கம்பெனியும், நான்காண்டுப் பட்டம் கட்டாயம் என்ற தன் விதியை 2022இல் நீக்கிவிட்டது.

இது நெசவாளருக்குப் புதிய செய்தியன்று. பட்டதாரியாகிய நாம் கணக்கேட்டில் பிழை கண்டுபிடிப்போம்; பாவில் அறுந்த இழை நம் கண்ணுக்குப் புலப்படாது. தறியருகே வளர்ந்த சிறுவன் அதனை நொடியில் காண்பான். கைப்பழக்கத்தால் வரும் தொழிலுக்குப் பழகிய நேரமே முதற்சான்று.

அங்ஙனமாயின் பட்டம் வீணா? இல்லை. விமானியின் உத்தியோகம் உடல்நலத்தை நம்பியது. கண்ணோ இருதயமோ பழுதுற்றால் உரிமம் நின்றுவிடும். கம்பெனிகளும் நிலையானவை அல்ல. கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019இலும், கோ ஃபர்ஸ்ட் 2023இலும் பறப்பதை நிறுத்தியபோது, தேர்ந்த விமானிகளும் வேலையின்றித் தவித்தனர். அத்தகைய வேளையில் வேறு உத்தியோகம் தேடுவதற்குப் பட்டம் கைகொடுக்கும். எனினும் அதனைப் பயிற்சிக்கு முன்னரே பெற வேண்டும் என்பதில்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சொற்பக் கட்டணத்தில் தபால்வழியாகப் பயின்று, பின்னரும் பெறலாம்.

நம் அங்கத்தினர் அஞ்ச வேண்டியது பட்டத்தையன்று, செலவையே. பயிற்சிக்கு அரைக் கோடி ரூபாய் அளவில் ஆகும். குறிப்பிட்ட விமான வகைக்குரிய பயிற்சிக்கு மேலும் செலவுண்டு. உரிமம் கிடைத்த மறுநாளே வேலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே முதற்செலவு மருத்துவச் சோதனைக்காக இருக்கட்டும். நிறக்குருடு போன்ற குறை வெளிப்பட்டால், அன்றே வேறு வழி நாடலாம், வீடு மிஞ்சும். அதில் தேறிய பின்னரே கல்விக் கடன், உதவித்தொகை ஆகியவற்றை விசாரிக்க வேண்டும். பயிருக்கும் தறிக்கும் சங்கத்தில் பெற்ற கடனை இதற்குத் திருப்புவது மட்டும் கூடாது. அது சங்கத்தையும் குடும்பத்தையும் ஒருசேரக் கெடுக்கும்.

அந்த மூத்த அங்கத்தினரிடம் நாம் கூறியதும் இதுவே: "பட்டத்திற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள், ஐயா. முதலில் பையனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்." சோதனையின் முடிவு தெரிந்ததும் மீண்டும் வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.