விலாசம் வேறு, ஆள் வேறு

குற்றம் ஒன்று இண்டர்நெட் வழியாக நிகழ்கிறது. போலீஸார் இணைப்புத் தரும் கம்பெனிக்கு எழுதிக் கேட்கிறார்கள். கம்பெனியார் ஓர் எண்ணையும், அவ்வெண்ணுக்கு உரியவர் இன்னார் என்று ஒரு பெயரையும் அனுப்புகிறார்கள். அப்பெயருடையவரின் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. எண் அவருடையது, ஆகையால் செய்கையும் அவருடையதே என்று முடிவு கட்டப்படுகிறது. பார்வைக்கு இந்தத் தர்க்கம் நேரானதாகவே தோன்றுகிறது. ஆனால் எண்ணுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்து துன்புற்ற நிரபராதிகள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். செல்போன் நுழையாத கிராமம் அரிதாகிவிட்ட இக்காலத்தில், இது பட்டணத்து வக்கீல்கள் மட்டும் பேசித் தீர்க்கும் விஷயமன்று. ஒவ்வொரு பிரஜையின் சுதந்திரத்தையும் பற்றியதாகும்.

முதலில் விலாசம் என்பது யாது என்று தெளிந்துகொள்வோம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கருவியோடு பிறப்பது. அதை மாக் விலாசம் என்பர். செல்போனையோ கம்ப்யூட்டரையோ வலையமைப்பில் சேர்க்கும் பாகத்துக்குத் தொழிற்சாலையில் இடப்படும் 48 பிட் எண் அது. பன்னிரண்டு குறிகளாக எழுதப்படும். முற்பாதி அதைச் செய்த கம்பெனியைக் குறிக்கும். தொழிற்சாலையில் இட்ட எண்ணாயிற்றே, அதை மாற்ற முடியுமா என்று கேட்பவர் பலர். தாராளமாக மாற்றலாம். கருவி தன் எண் இன்னதென்று தானே சொல்லிக்கொள்ளுகிறது. வேறோர் எண்ணைச் சொல்லும்படி அதற்கு உத்தரவிடுவது சில விநாடி வேலை. இது குற்றவாளிகளின் வித்தை மட்டுமன்று. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலாகவும், 2020-ல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலாகவும், சாதாரணச் செல்போன்களே வை-ஃபையில் சேரும்போது சொந்த எண்ணை மறைத்துக் கற்பனை எண் ஒன்றைச் சொல்லுகின்றன. உடையவரின் நடமாட்டத்தைப் பிறர் பின்தொடராதிருக்கும் பொருட்டு ஏற்பட்ட காப்பு இது. அன்றியும், மாக் விலாசம் வீட்டு ரூட்டரைத் தாண்டிச் செல்வதில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு வலைத்தளத்தாரின் ஏட்டில் அது பதிவாவதுமில்லை.

செல்போனுக்கென்றே உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணின் கதையும் இதைப் போன்றதே. பதினைந்து இலக்கங்கள் கொண்ட அவ்வெண் ஒவ்வொன்றும் ஒரே கருவிக்கு மட்டும் உரியதாக இருக்கவேண்டும். ஆனால் 2020-ல் மீரட் நகரப் போலீஸார், ஒரே எண்ணைத் தாங்கிய செல்போன்கள் 13,000-க்கு மேல் புழக்கத்தில் இருப்பதைக் கண்டு வழக்குப் பதிவு செய்தார்கள். அவ்வெண்ணைத் திருத்துவது 2023-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும். அதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்ற நேர்ந்ததே, அது நடக்கக்கூடியது என்பதற்குப் போதிய ருஜுவன்றோ?

இரண்டாவது வகை ஐ.பி. விலாசம். போலீஸார் பெரிதும் நம்புவது இதைத்தான். இது கருவியோடு பிறந்ததன்று. இணைப்புத் தரும் கம்பெனி இரவலாகக் கொடுப்பது. இதன் இயல்பை அறிய வேண்டுவோர் அந்நிய தேசத்து நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. திருவள்ளூர் ஜில்லா எளாவூருக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரியின் மீனவர்களைக் கேட்டாலே போதும். அங்கே 'பாடு' என்னும் பழைய முறை ஒன்று உண்டு. ஏரியில் இறால் வலையிடும் இடங்களைப் பாடுகளாக வகுத்து, சீட்டுப் போட்டு, முறைவைத்து அனுபவிக்கிறார்கள். இடம் ஒன்றுதான், வலையிடுகிறவர் முறைப்படி மாறுகிறார். நேற்று ஒருவருடையதாக இருந்த பாடு இன்று மற்றொருவருடையது. 'அந்தப் பாட்டில் வலையிட்டது யார்?' என்று ஒருவர் கேட்டால், ஏரிக்கரையார் உடனே, 'எந்த நாளில்?' என்று திருப்பிக் கேட்பார்கள். நாளைச் சொல்லாமல் ஆளைச் சொல்லுவது அவர்களிடத்தில் நகைப்புக்கு இடமான காரியம்.

ஐ.பி. விலாசமும் அத்தகைய ஒரு பாடே. காலையில் ஒரு சந்தாதாரரிடம் இருந்த எண் மாலையில் வேறொருவரிடம் போய்ச் சேரும். அதுமட்டுமன்று. பழைய முறை ஐ.பி. எண்கள் உலகம் முழுவதற்கும் ஏறக்குறைய 429 கோடிதான் உண்டு. கருவிகளோ அதற்கு எவ்வளவோ மேல். ஆகவே கம்பெனிகள் ஒரே எண்ணின் பின்னே ஒரே சமயத்தில் பல சந்தாதாரர்களை நிறுத்திவைக்கின்றன. அவர்களுள் ஒருவரைப் பிரித்தறிய, விலாசத்தோடு 'போர்ட்' என்னும் வாயில் எண்ணும், விநாடி வரை துல்லியமான நேரமும் வேண்டும். நேரத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. வலைத்தளங்களின் ஏடுகள் பெரும்பாலும் கிரீன்விச் கணக்கில் எழுதப்படுகின்றன. நமது கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. இந்தக் கணக்கில் ஒரு குமாஸ்தா தவறினால், முன்பின் அறியாத ஒருவர் தலையில் பழி விழும்.

இது கற்பனையன்று. ஆர்க்குட் என்னும் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் வெளியாயிற்று. புனா போலீஸார் விலாசத்தைக் கொண்டு விசாரித்தார்கள். ஏர்டெல் கம்பெனி கொடுத்த விவரத்தின்பேரில் பெங்களூரில் கம்ப்யூட்டர் எஞ்சினியர் ஒருவரைப் பிடித்துச் சென்றார்கள். அவர் ஐம்பது நாள் சிறையில் கிடந்தார். பிறகுதான் கம்பெனி கொடுத்த விவரமே பிசகு என்பதும், படத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்பதும் வெளியாயின. அந்த ஐம்பது நாட்களை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பார்? அவர் படித்தவர், உத்தியோகத்தில் இருந்தவர், அவருக்காகப் பேசப் பத்திரிகைகள் இருந்தன. இவற்றுள் ஒன்றும் இல்லாத ஏரிக்கரை மீனவனுக்கு இக்கதி நேர்ந்தால் ஐம்பது நாள் எத்தனை நாளாக நீளும் என்று நேயர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

கம்பெனியின் ஏடு பிசகாமல் இருந்தாலும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. 2008 ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத்தில் வெடிகுண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன், அதற்குப் பொறுப்பேற்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் விலாசம் நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டைக் காட்டிற்று. விலாசம் சரியானதே, ஆனால் அனுப்பியவர் அவரல்லர். பூட்டப்படாத அவரது வை-ஃபையில் அந்நியர் புகுந்து அனுப்பிவிட்டார்கள். எளாவூர்ச் சோதனைச் சாவடியில் போகும் லாரியின் நம்பரைக் குறித்துக்கொள்கிறார்கள். நம்பர் லாரியைக் காட்டும். ஓட்டியவன் முகத்தைக் காட்டாது. பலகையையே மாற்றியிருந்தாலோ, லாரியையும் காட்டாது.

அப்படியானால் ஐ.பி. விலாசத்தைப் போலியாகச் செய்ய முடியுமா என்று கேட்கலாம். இதற்கு நேர்மையான பதில் இரண்டு பாகமுடையது. கடிதத்தின் மேல் அனுப்புவோர் விலாசத்தைப் பொய்யாக எழுதுவதுபோல, இங்கும் எழுதி அனுப்பலாம். ஆனால் பதில் அந்தப் பொய் விலாசத்துக்கே போய்விடும். ஆகையால் கேள்வியும் பதிலுமாக நடக்கும் காரியங்களை, ஒரு கணக்கில் நுழைவதையோ செய்தி எழுதுவதையோ, இவ்விதம் செய்வது சாதாரணமாக முடியாது. எனினும், பொய் விலாசம் எழுதுவது அரிதாயின், பிறர் விலாசத்தில் போய் உட்கார்ந்துகொள்வது மிக எளிது. வி.பி.என். என்னும் மறைவழியாகவோ, டார் வலை மூலமாகவோ, பக்கத்து வீட்டு வை-ஃபையில் புகுந்தோ, நோய்ப் புரோகிராம் தொற்றிய ஒருவரின் கம்ப்யூட்டரை அவரறியாமல் ஆட்டிவைத்தோ காரியத்தை முடித்துவிடலாம். ஏட்டிலே பதிவாவது வழிவிட்டவருடைய விலாசமேயன்றிச் செய்தவனுடையதன்று.

இவ்வாறு நாம் எழுதுவதைக் கண்டு சிலர் ஆட்சேபிக்கக்கூடும். 'விலாசம் பயனற்றது என்றால், பெண்களைத் தூற்றுகிறவனும், ஏழையின் பாங்குக் கணக்கைச் சூறையாடுகிறவனும் தப்பிவிடமாட்டார்களா?' என்பார்கள். இவ்வாட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. விலாசம் பயனற்றது என்பது நமது அபிப்பிராயமும் அன்று. அது விசாரணையின் வாசற்படி, தீர்ப்பின் சிம்மாசனமன்று. இந்த வேற்றுமையை நமது சென்னையே நாட்டுக்குக் காட்டியிருக்கிறது. விவாகரத்துப் பெற்ற ஒரு பெண்மணியின் பெயரால் ஆபாசச் செய்திகளைப் பரப்பிய ஒருவனுக்கு, எழும்பூர் மாஜிஸ்திரேட் 2004 நவம்பர் 5-ந் தேதி தண்டனை விதித்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் இத்தேசத்தில் முதன்முதலாகத் தண்டனை கிடைத்த வழக்குகளில் ஒன்றென்று அது பேசப்படுகிறது. அங்கே விலாசம் கம்ப்யூட்டர் மையம் வரைதான் வழிகாட்டிற்று. அதற்கு அப்பால் மையத்தை நடத்தியவர்களின் சாட்சியமும், நிபுணர் சாட்சியமும், எதிரிக்கிருந்த நோக்கமும் ஒன்றோடொன்று சேர்ந்தே குற்றத்தை ருஜுப்படுத்தின. பாடுபட்டு விசாரித்தால் குற்றவாளி அகப்படுவான், நிரபராதியும் வதைபடமாட்டான்.

சட்டத்தின் நிலை என்ன? 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஏடுகளைக் கோர்ட்டில் ஏற்க ஒரு சான்றிதழ் வேண்டுமென்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அச்சான்றிதழ் ஏட்டைப் பற்றிப் பேசுமேயன்றி, பித்தானை அழுத்திய விரல் யாருடையது என்று பேசாது. 1897-ல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் ஏற்பட்டது. கைரேகை உடம்போடு ஒட்டியது, ஆளை விட்டு அகலாதது. கருவியின் விலாசத்தைக் கைரேகைக்கு ஒப்பிடுவோர், இரவல் சட்டையை உடம்பின் தோல் என்று மயங்குகிறவர்களே. அமெரிக்காவிலும் ஒன்பதாவது வட்டாரத்து அப்பீல் கோர்ட்டார், 2018-ல் ஒரு சினிமாப் பட வழக்கில், ஐ.பி. விலாசத்தின் சந்தாதாரர் என்பது மட்டும் ஒருவரைப் பொறுப்பாளியாக்கப் போதாது என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

ஏட்டிலுள்ள பெயரும் எழுதிய கையும் ஒன்றல்ல என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தியுமன்று. 1908-ல் 'இந்தியா' பத்திரிகையின்மீது ராஜத்துவேஷ வழக்கு வந்தபோது, பதிவேட்டில் பெயர் கொண்டிருந்த எம். சீனிவாசன் சிறை சென்றார். அப்பத்திரிகைக்கு உயிராயிருந்த பாரதியார் புதுச்சேரி சேர்ந்தார். அந்நிய சர்க்காருக்கு யாரேனும் ஒருவர் அகப்பட்டால் போதுமாயிருந்தது. சுயராஜ்ய சர்க்காருக்கு அது போதாது. உண்மையாகச் செய்தவன் வேண்டும்.

ஆகையால் நாம் சொல்லுவது இவ்வளவே. கம்பெனிகள் பெயரை அனுப்பும்போது நேரக் கணக்கையும் போர்ட் எண்ணையும் சேர்த்து, ஒரு பொறுப்பான உத்தியோகஸ்தரின் கையெழுத்தோடு அனுப்பவேண்டும். பிசகினால் நஷ்டஈடு கொடுக்கவேண்டும். போலீஸார் விலாசம் ஒன்றை மட்டும் கொண்டு எவரையும் கைது செய்யலாகாது. ஏழு வருஷம் வரை தண்டனையுள்ள குற்றங்களில் அவசியத்தைக் காட்டாமல் கைது செய்யக்கூடாதென்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் விதித்ததை அவர்கள் நினைவில் வைக்கட்டும். மாஜிஸ்திரேட்டுகள் ரிமாண்டு காகிதத்தில் கையெழுத்திடுமுன், 'அந்த நேரத்தில் கருவி யார் கையில் இருந்தது? இதற்கு வேறு சாட்சியம் என்ன?' என்று கேட்கவேண்டும்.

ஜனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒரே செல்போனைக் குடும்பமெல்லாம் கையாளுவதும், சிம் கார்டைத் தெரிந்தவருக்கு இரவல் கொடுப்பதும், வை-ஃபையைப் பூட்டாமல் வைப்பதும் கிராமங்களில் சாதாரணம். பிறருக்கு உதவும் குணம் நல்லதே. ஆயினும் நம் பெயரில் உள்ள வாயிலைத் திறந்துபோட்டால், அதன் வழியே புகுந்தவன் செய்ததற்கு நாம் பதில் சொல்ல நேரிடும். சிம்மை இரவல் கொடாதீர்கள், வை-ஃபைக்குப் பூட்டிடுங்கள். தேச ஊழியம் செய்யும் வாலிபர்கள் இதைக் கிராமந்தோறும் எடுத்துச் சொல்லவேண்டும். கிராமத்தான் ஒருவன் ஸ்டேஷனுக்கு அழைக்கப்பட்டால் வக்கீலோடு உடன்செல்லவும் முன்வரவேண்டும்.

பாட்டைப் பார்த்து ஆளைப் பழிக்காத நியாயம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்த நியாயம் நமது போலீஸ் ஸ்டேஷன்களுக்கும் நியாயஸ்தலங்களுக்கும் ஏன் எட்டாமற் போகவேண்டும் என்று கேட்கிறோம்.