மேசனும் மலைச்சரிவும்

லுணுகலைத் தோட்டங்களில் வீடு கட்டுவோருக்கு அனுபவமுள்ள மேசனே போதும், பொறியியலாளரின் ஆலோசனை வீண்செலவு என்னும் வாதம், சுவரைக் கண்டு அது நிற்கும் சரிவைக் காணத் தவறுகிறது. கலவையின் பதம் மேசனுக்குத் தெரியும். ஆனால் துளைநீர் அழுத்தம், அதாவது மழைநீர் மண்துகள்களின் இடைவெளிகளில் நிறைந்து அவற்றின் பிடிப்பைத் தளர்த்தும் விசை, அவரது மட்டப்பலகைக்கு எட்டாது. வீட்டுக்காகச் சரிவின் அடிவாரத்தை வெட்டுவதும், மேற்புறக் கானை அடைபட விடுவதும் மலையின் சமநிலையையே குலைக்கும்.

எச்சரிக்கை இருந்தும் மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவிலிருந்து காப்பாற்றப்படவில்லையே என்று இவ்வாதத்தினர் கேட்பது உண்மையிலேயே கனமான கேள்வி. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள அத்தோட்டத்தின் லயன் குடியிருப்புகள் மண்ணில் புதையுண்டதற்கு முன்பே, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அவ்விடத்தின் ஆபத்தைச் சுட்டியிருந்தது. எனினும் அங்கே பொய்த்தது நிபுணரின் கணிப்பன்று. காணியுரிமையற்ற தொழிலாளரிடம் வெளியேறச் சொன்னவர்கள், அவர்கள் சென்று குடியேறப் பாதுகாப்பான மாற்றுக் காணியை உரிய காலத்தில் வழங்காததே குற்றம். ஆகவே வேண்டியது நிபுணரைத் தவிர்ப்பதன்று, ஆய்வறிக்கை தமிழில் குடியிருப்பாளரின் கைக்கே வருவதும் அதனுடன் காணி உறுதியும் வருவதுமாகும்.