காஸ் தீராது, கசியும்

என் பழைய மாணவர்களே, சொந்தபந்தங்களே,

மூன்று கோடையாக என் 1992 மாடல் கான்டெஸாவுக்கு ஒரே வைத்தியம்தான்: "காஸ் தீர்ந்துடுச்சு சார், அடிச்சிடலாம்." தீர்வதற்கு அது என்ன பெட்ரோலா? ஏசி ஒரு மூடிய சுற்று. காஸ் குறைந்தால் எங்கோ கசிவு என்று அர்த்தம். கசிந்தது சும்மாவும் போவதில்லை. கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

வண்டி ஆர்-12 காலத்தது. ஓசோனை அரிப்பதால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாக ஒழிக்கப்பட்ட காஸ். இவர்கள் அடித்ததோ ஆர்-134ஏ. பழைய மினரல் ஆயில் அதோடு கலக்காது, கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. போன மாதம் கம்ப்ரஸர் ஜாம்!

இப்போது புது கம்ப்ரஸர் மாட்டினால் போதுமாம். பழசு அரைத்துத் தள்ளிய உலோகத்தூள்? கண்டென்சர், கூலிங் காயில், குழாய்கள் எல்லாவற்றையும் ஃப்ளஷ் செய்ய வேண்டும். டிரையரும் ஓ-ரிங்குகளும் புதிதாகப் போட வேண்டும். எஸ்டர் ஆயில் ஊற்றி, அரை மணி நேரமாவது வாக்குவம் போட வேண்டும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதிக்கும் என்று வகுப்பில் நடத்தினேனே, உள்ளே இருக்கும் ஈரம் அப்படித்தான் வெளியேறும். பம்பை நிறுத்தியபின் கேஜ் முள் ஏறினால் கசிவு இன்னும் இருக்கிறது. காஸையும் எடைபோட்டுத்தான் அடிக்க வேண்டும். பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம் போதும்.

"அவ்வளவுக்கு நேரமில்லை சார்" என்கிறார் மெக்கானிக். மூன்று முறை பணம் வாங்க நேரமிருந்தது. (வண்டியை வித்துடுங்க என்னும் மைத்துனருக்குத் தனியாகப் பதில் உண்டு.)

அந்த மெக்கானிக் என்னிடம் படித்தவன்தான். தம்பி, பெயர் சொல்லவில்லை. ஞாயிறு காலை வருகிறேன், வாக்குவம் பம்பைத் துடைத்து வை.